'லிட்டரலி' படும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

அன்றாட ஆங்கிலத்தில் 'லிட்டரலி' என்ற சொல் படும் பாடு என்னை மிகவும் வருத்துகிறது. சொன்னது சொன்னபடியே உண்மை என்று உறுதி கூற வேண்டிய அச்சொல்லை, 'சிரித்துச் சிரித்து லிட்டரலி செத்தே போனேன்' என்பதுபோல் வெறும் மிகைக்குப் பயன்படுத்துவதால், உண்மையிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புபவருக்கு அது கைகொடுக்காமல் போகிறது. இப்பழக்கம் புதிதன்று என்பதையும், மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 1909-ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்துவிட்டது என்பதையும் அறிவேன். ஆனால் அகராதி வழக்கைப் பதிவு செய்கிறதே தவிர, அதைப் பின்பற்றுமாறு பரிந்துரைப்பதில்லை. 'பின் நம்பர்', 'ஏடிஎம் மெஷின்' என்று, சுருக்கத்தின் கடைசி எழுத்து குறிக்கும் சொல்லையே மீண்டும் சேர்ப்பது சிறு பிழைதான். அதனால் பொருள் கெடுவதில்லை. 'லிட்டரலி'யையாவது, ஆங்கிலத்தில் செய்தி எழுதுவோர் அதன் நேர்ப்பொருளிலேயே கையாளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்