அக்கா படிக்கும் வேகத்தில்

அன்பு மாப்ளே,

உன் கடிதமும் பென் டிரைவும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன. மூட்டுவலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர்கிறாள். மற்ற வீட்டுக் கதைகளை நேரில் வைத்துக்கொள்வோம்.

திருவிழா நாடகத்தை அந்தப் பூஞ்சை பிடித்த வீடியோ கேசட்டிலிருந்து மீட்டு ஃபைலாக்கியதே பெரிய காரியம். உன் அப்பா ஆர்மோனியத்தில் கை வைக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்காவும் அதைப் பார்க்கிறார், ஆனால் நாரதரும் வள்ளியும் என்ன தர்க்கம் பண்ணுகிறார்கள் என்று காதில் விழாமல் எழுந்து போய்விடுகிறார் என்று எழுதியிருந்தாய். சப்டைட்டில் போட்டே ஆக வேண்டும்.

"தமிழ் நாடகத்துக்குத் தமிழிலேயே எதற்கு எழுத்து?" என்று உன் பையன் கேட்டானாமே. அத்தைக்காக என்று சொல். அது போக, 1996-ல் பிரிஜ் கோத்தாரி என்ற ஆராய்ச்சியாளருக்கு ஒரு யோசனை வந்தது. டிவியில் வரும் சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரிகளை ஓடவிட்டால், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் பாட்டோடு சேர்ந்தே படித்துப் பழகிவிடுவார்கள் என்பது. பிறகு தூர்தர்ஷனில் அப்படி ஒளிபரப்பவும் செய்தார்கள். வெளிநாட்டில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் உன் பேரனுக்கும் இது உதவும்.

ஸ்டுடியோக்காரர் எழுத்தைப் படத்திலேயே பதித்துத் தருவதாகச் சொன்னால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒரு பிழையைத் திருத்த முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்து புது ஃபைலாக்க வேண்டிவரும். கேசட் படத்தில் இருக்கிற தெளிவே கொஞ்சம், ஒவ்வொரு தடவையும் அதுவும் குறையும். எழுத்து தனி ஃபைலாக, எஸ்.ஆர்.டி. (.srt) என்ற சப்டைட்டில் ஃபைலாக இருக்கட்டும். நோட்பேடில் திறந்து பார்த்தால் ஒரு வரிசை எண், அடுத்த வரியில் 00:14:05,200 --> 00:14:08,700 என்று தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், கீழே வசனம், பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவுதான். வீடியோவுக்கும் இதற்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால், வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும். நீ திருத்தினால் யுடிஎஃப்-8 என்ற முறையில்தான் சேமிக்க வேண்டும். ஏஎன்எஸ்ஐ என்று கொடுத்துவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வராது.

நேரம் குறிப்பதற்கு நான் பயன்படுத்துவது 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருள், இலவசம்தான். ஒலி அலையைப் பார்த்துப் பேச்சு தொடங்கும் இடத்தில் வரியை நிறுத்தலாம். இது பழக்கத்தில் வந்துவிடும். எவ்வளவு எழுதுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

நாடகக்காரர்கள் பேசுகிற வேகம் உனக்குத் தெரியும். நாரதர் முடிப்பதற்குள் வள்ளி ஆரம்பித்துவிடுவாள். பேசியதையெல்லாம் போட்டால் அக்கா பாதி படிக்கும்போதே வரி ஓடிவிடும். நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி இடங்களில் ஒரு நேரத்தில் இரண்டு வரி, ஆங்கிலத்தில் வரிக்கு 42 எழுத்து, எந்த வரியும் 7 நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பிபிசி நிமிடத்துக்கு 160 முதல் 180 சொல் என்கிறது. அந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராது. 'போய்க்கொண்டிருக்கிறான்' தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று. எழுத்தை எண்ணினாலும் சிக்கல்தான். நம் கண்ணுக்கு அதில் 11 எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்தைப் பதிந்துவைக்கும் யூனிகோடு முறையில் 22 குறி. மென்பொருள் குறிகளை எண்ணிவிட்டு வேகம் அதிகம் என்று சிவப்பு காட்டும். அந்தச் சிவப்பை நான் பெரிதாக மதிப்பதில்லை. வரியை வாய்க்குள் நிதானமாக ஒரு முறை சொல்லிப் பார்ப்பேன், அந்த நேரம் திரையில் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். எழுபதைத் தாண்டிய கண்ணுக்கு அதிலும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, நாரதர் "பெண்ணே, யாருமே இல்லாத இந்த வனத்திலே, இந்தத் தினைப்புனத்திலே, தன்னந்தனியாக நின்றுகொண்டு நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய், சொல் பார்ப்போம்" என்று ஒரே மூச்சில் கேட்டால் நான் இப்படிப் போடுவேன்:

பெண்ணே, இந்தத் தினைப்புனத்தில்
தனியாக என்ன செய்கிறாய்?

'இந்தத்' என்பதோடு முதல் வரியை முடித்துவிடக் கூடாது. கண் இடறும். பாட்டு வரும்போது மட்டும் ஒரு சொல்லையும் வெட்ட மாட்டேன். அங்கே நேரத்துக்குப் பஞ்சமில்லை, ஒரே அடியை நாலு தடவை பாடுகிறார்களே.

விஎல்சியில் வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரம் என்று வைத்துக்கொள். மேடை விளக்கும் நாரதரின் வெள்ளை வேட்டியும் சேர்ந்தால் வெறும் வெள்ளை எழுத்து காணாமல் போகும். உன் அப்பா கை தெரிகிற இடங்களில் வரியைத் திரையின் மேல்பக்கம் ஏற்றிவிட்டேன். அந்தக் கையை மறைத்துவிட்டு அக்காவிடம் யார் திட்டு வாங்குவது?

உங்கள் வீட்டு டிவி என்ன செய்யும் என்று பார்த்துச் சொல். சில டிவிகளில் தமிழ் எழுத்தே கிடையாது, கட்டம் கட்டமாகத் தெரியும். சிலவற்றில் எழுத்து இருக்கும், சேர்க்கத் தெரியாது, கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பிறகுதான் பதிவாகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது காட்டுகிற கருவியின் பொறுப்பு. உன் டிவிக்கு அது தெரியாவிட்டால் அதற்கென்று மட்டும் எழுத்தைப் பதித்த ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன். மூல வீடியோவும் எஸ்.ஆர்.டி.யும் தனித்தனியாக உன்னிடம் பத்திரமாக இருக்கட்டும்.

கம்ப்யூட்டரே கேட்டு எழுதாதா என்று கேட்டிருந்தாய். எழுதும். ஓப்பன்ஏஐ 2022-ல் விட்ட விஸ்பர் என்ற மென்பொருளுக்குத் தமிழும் தெரியும். ஆனால் ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டும் ஒலிக்கும் இடத்தில் யாரும் பேசாத வசனத்தை அதுவாகவே எழுதி வைத்தது. நம் ஊர்ப் பேச்சிலும் நிறைய தடுமாறியது. அதைத் திருத்துவதைவிட நானே கேட்டு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்று, நீ இறக்கிய வெளிநாட்டுப் படத்தில் சப்டைட்டில் முதலில் சரியாக இருந்து போகப்போகப் பிசகுகிறது என்றாய். நொடிக்கு 23.976 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் பிரதிக்கு எழுதியதை 25 ஃபிரேம் ஓடும் பிரதியோடு சேர்த்திருப்பாய். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகும். சப்டைட்டில் எடிட்டில் ஃபிரேம் ரேட்டை மாற்று, சரியாகிவிடும். முதலிலிருந்தே ஒரே அளவு பிந்தினால் விஎல்சியில் ஜி, ஹெச் விசைகளே போதும்.

தர்க்கம் வரை முடித்துவிட்டேன். அடுத்தது பபூன் வரும் இடம். அவர் பேசிய ரெட்டை அர்த்தமெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஊரே சிரித்தது. காதில் விழுந்து போனபோது தெரியாதது எழுத்தாக நிற்கும்போது கொஞ்சம் பளிச்சென்றுதான் இருக்கிறது. விட்டுவிடலாம் என்று உன் பையன் சொல்லுவான். எனக்கு அதில் உடன்பாடில்லை, அன்றைக்கு எல்லோரும் கேட்டதை அக்கா மட்டும் ஏன் படிக்கக்கூடாது? இருந்தாலும் பேரப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். எதற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுது, அதுவரை அந்தப் பகுதியைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி