ஓநாய் விளம்பரமும் 30 கோடி டாலரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கத் தேர்தல் விளம்பரங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், உளவுத் துறை நிதியை வெட்ட ஜான் கெர்ரி வாக்களித்தவர் என்று ஒரே வரியில் போட்டுவிட்டீர்கள். 2004 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான அவரை எதிர்த்து அதிபர் புஷ் தரப்பு சொன்னதும், ஓநாய்கள் வரும் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டியதும் அதைத்தான். கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால், தொகையைப் பார்த்தால் எந்த ஆண்டு, மொத்தத்தில் எவ்வளவு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1995-இல் செனட்டராக இருந்த கெர்ரி கொண்டுவந்த மசோதா உளவு நிதியில் ஐந்தாண்டில் 150 கோடி டாலரைக் குறைக்கச் சொன்னது. ஆண்டுக்கு 30 கோடி. அரசு பின்னர் வெளியிட்ட 1997-ஆம் ஆண்டு உளவு பட்ஜெட் 2,660 கோடி. அதில் இது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உளவுச் செயற்கைக்கோள்களைக் கவனிக்கும் அலுவலகம் நூறு கோடி டாலருக்கு மேல் செலவழிக்காமல் கமுக்கமாகச் சேர்த்து வைத்திருந்தது அம்பலமான சமயம் அது. அந்தப் பணத்தில் கைவைக்கக் புஷ்ஷின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஸ்பெக்டரே திருத்தம் கொண்டுவந்தார். குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

கெர்ரியின் மசோதாவை இணைந்து முன்மொழிய ஒரு செனட்டர்கூடச் சேரவில்லை என்று புஷ் இடித்துரைத்தார். உண்மைதான். ஆனால் அதே 1995-இல் உளவுத் துறை ஆட்களை 20 சதவீதம் குறைக்கும் மசோதாவை இணைந்து முன்மொழிந்த குடியரசுக் கட்சி எம்.பி. போர்ட்டர் காஸைத்தான் 2004 ஆகஸ்டில் உளவு அமைப்பான சிஐஏவின் தலைவர் பதவிக்கு புஷ் முன்மொழிந்தார்!

கெர்ரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1994-இல் அவர் கொண்டுவந்த பெரிய வெட்டு 75-20 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் அவர் கட்சிக்காரர்களே ஏராளம். ஓநாய் விளம்பரத்தில் வந்த 600 கோடி டாலர் அந்த வெட்டுதான். இருண்ட காடு, ஓநாய்கள் எழுந்து நம்மை நோக்கி வருகின்றன. 'அமெரிக்கா மீதான முதல் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகும்' என்கிறது பின்னணிக் குரல். கேட்பவர் மனதில் 2001 ஓடும். சொல்லப்பட்டதோ நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் நடந்த 1993 குண்டுவெடிப்பு. ஆண்டை மட்டும் சொல்லவேயில்லை.

இன்னொன்று. கெர்ரி செனட் உளவுக் குழுவின் துணைத் தலைவராக இருந்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது நெப்ராஸ்கா மாநில செனட்டர் பாப் கெர்ரி. ஜான் கெர்ரியின் பிரச்சாரக் குழுவே 2004-இல் இதில் சறுக்கியது. ஆங்கிலத்திலாவது எழுத்துக்கூட்டு வேறு. தமிழில் இருவரும் ஒரே கெர்ரி. அடுத்த முறை மாநிலத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்