சிங்கப்பூர் சுகர் மெஷின திருப்பிக் குடுத்துவிடுதேன் மக்களே

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுதது. முக்கூடல்ல எல்லாரும் சொகம், ஆத்துல தண்ணி நல்லா போவுது. நேத்து போன்ல பேரன் அழுத சத்தத்துல நீ சொன்னது பாதி கேக்கல, அதான் எழுதுதேன். இன்னொரு சுகர் மெஷின் வாங்கி அனுப்புதேன்னு சொன்னேல்லா, வேண்டாம் மக்களே.

நீ போன தடவ குடுத்துவிட்டது நல்ல மெஷின்தான், அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா மொத நாள் காலையில என்ன நடந்துச்சுன்னு உங்கிட்ட நான் சொல்லலட்டி. வெறும் வயித்துல குத்திப் பாத்தா 5.8-னு காட்டுது. எப்பவும் 130, 140-னு பாத்த கண்ணு. சுகர் அஞ்சுக்கு எறங்கிட்டுன்னு அப்பா அடுக்களைக்கு ஓடி கருப்பட்டிய தட்டி தண்ணியில கரைச்சி என் வாயில ஊத்துதாவ, செம்பு புடிச்ச கை கிடுகிடுன்னு ஆடுது. எனக்கு வேர்க்கவும் இல்ல, படபடப்பும் இல்ல, ஆனாலும் பயத்துல முழுசையும் குடிச்சிட்டேன். பெறவு நர்சு வேலைக்குப் போற பக்கத்து வீட்டுப் பிள்ள வந்துதான் சொல்லிச்சு, சிங்கப்பூர்ல மில்லிமோல் கணக்கு, நம்ம ஊர்ல மில்லிகிராம், 18-ஆல பெருக்கணும்னு. பெருக்கினா 104. நல்ல சுகர்ட்டி அது. நெசமாவே எறங்குனதுன்னா நம்ம கணக்குல 70-க்கு கீழ போவணுமாம், உன் மெஷின்ல 3.9.

நீ அனுப்புன, ரத்தச் சொட்டு வைக்குத ஸ்ட்ரிப்பும் தீந்துட்டு. அம்பையில, திருநெல்வேலி டவுன்ல எல்லாம் அப்பா கேட்டுட்டு வந்தாவ, எங்கயும் இல்ல, ஒரு மெஷின் ஸ்ட்ரிப் இன்னொண்ணுக்கு சேராதுல்லா. மெஷின் ஒரு தடவ வாங்குதது, ஸ்ட்ரிப்தான் மாசாமாசம், ஒண்ணு 15, 20 ரூபா. அதனால நம்ம பஜார் மெடிக்கல்ல எந்த ஸ்ட்ரிப் எப்பவும் இருக்கோ அதுக்கு உண்டான மெஷினத்தான் வாங்கியாச்சு. நம்பர் பெருசா தெரியுது, புது ஸ்ட்ரிப் டப்பா திறக்கும்போது அதுல உள்ள கோடு நம்பர மெஷின்ல போடுத வேலையும் இல்ல.

வாங்குன மறுநாள் லேப்ல ரத்தம் குடுத்த கையோட அங்கனயே விரல்லயும் குத்திப் பாத்தோம். லேப் 142, மெஷின் 151. நூத்துக்கு 15 முன்னபின்ன இருக்கலாம்னு டாக்டர் சொன்னாவ. எனக்கு ரத்தம் கொறவுல்லா, அதுக்கு மெஷின் கொஞ்சம் கூட்டிக் காட்டுமாம், அதையும் அவுககிட்ட கேட்டுக்கிட்டேன்.

பீடி சுத்த கட்டவிரலும் ஆள்காட்டி விரலும் வேணும், அதுல குத்துனா இலைய மடக்கி நூலு சுத்தும்போது சுருக்கு சுருக்குனு வலிக்கும். இப்ப மோதிர விரல்லயும் சுண்டு விரல்லயும் ஓரத்துல குத்துதேன், நடுவுல குத்துத வலி இல்ல. கைய மட்டும் நல்லா கழுவி ஈரமில்லாம தொடைக்கணும். ஒருநாள் பேத்திக்கு மாம்பழம் நறுக்குன கையோட குத்திட்டேன், 243-னு காட்டுது, கழுவிட்டுப் பாத்தா 156. பழத்துச் சாறு விரல்ல ஒட்டியிருக்குல்லா, அதைத்தான் மெஷின் சேத்து எண்ணியிருக்கு. சாரல் காலத்துல ஸ்ட்ரிப் டப்பாவ உடனே இறுக்கி மூடிருதேன், ஈரம் பட்டா கெட்டுப் போவும்.

கையில ஒட்டுத சென்சாரும் இப்ப வேண்டாம், நான் இன்சுலின் போடல, மாத்திரதான், அவ்வளவு செலவு எதுக்கு.

இப்ப உனக்கு. பேரன் வயித்துல இருக்கும்போது உனக்கு சுகர் இருந்துச்சு, பெத்ததோட போயிட்டுன்னு நீ அப்படியே விட்டுட்ட. அப்படி வந்தவளுக்கு பின்னால திரும்ப வர வாய்ப்பு கூடுதலாம், அடிக்கடி பாத்துக்கிடணும்னு டாக்டர் சொல்லுதாவ, அதைக் கேட்டதுல இருந்து எனக்கு உறக்கமில்ல. அடுத்த மாசம் சித்தப்பா அங்க வாராவ, அவுககிட்ட உன் மெஷின குடுத்துவிடுதேன், அதுக்கு ஸ்ட்ரிப் உங்க ஊர்லதான கெடைக்கி. மொதல்ல லேப்ல போயி ஒரு தடவ பாத்துரு, பெறவு அப்பப்ப காலையில வெறும் வயித்துல குத்தி வர்ற நம்பர வாட்ஸப்புல போடு. நான் 18-ஆல பெருக்கிப் பாத்துக்கிடுதேன்.

அம்மா