பாஸ்போர்ட்டோட பாய்மரப் படகுல இலங்கைத் தலைமன்னார் போக ஒரு ஆபீஸ் கவுண்டர் வேணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாகப்பட்டினத்துல இருந்து இலங்கைல காங்கேசன்துறைக்குப் போற பயணிகள் கப்பல் பத்தி உங்க பேப்பர்ல வர்ற செய்தி எதையும் நான் விடுறதில்ல. 2023 அக்டோபர்ல மொதல்ல விட்டப்பவும் சரி, நின்னு போயி 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஆரம்பிச்சப்பவும் சரி, எங்க வீட்ல அவ்வளவு சந்தோஷம். ஆனா அதை ஒட்டி இன்னொரு விஷயம் இருக்கு, அதை யாரும் பேச மாட்டேங்குறாங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். சொந்தமா ஒரு சின்ன பாய்மரப் படகு வச்சிருக்கவன், மீன் பிடிக்க இல்ல, சரக்கு ஏத்த இல்ல, பாஸ்போர்ட் விசா எல்லாம் கையில வச்சுக்கிட்டு முறையா இலங்கைக்குப் போயிட்டு வரணும்னு நெனச்சா ராமேஸ்வரத்துல யார்கிட்ட போய் நிக்கிறது?

நான் பாம்பன்ல பொறந்தவன். 11 வருஷம் மலேசியாவுல லங்காவித் தீவுல ஒரு படகு ரிப்பேர் யார்டுல வேலை பார்த்துட்டு ஊர் திரும்பிருக்கேன். அங்க எங்க முதலாளிகிட்ட 28 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒண்ணு இருந்துச்சு, சின்ன டீசல் இன்ஜினும் உண்டு, ஆனா காத்து இருந்தா அவர் இன்ஜினைத் தொடவே மாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, வடகிழக்கு காத்து சீசன்ல, தாய்லாந்து பக்கம் புக்கெட் வரைக்கும் போவார், கூட என்னையும் கூட்டிட்டுப் போவார். லங்காவியில இருந்து பார்த்தாலே தாய்லாந்தோட தருதாவ் தீவு கண்ணுக்குத் தெரியும், நடுவுல சில மைல் தண்ணிதான், அந்த தண்ணிலதான் ரெண்டு நாட்டு எல்லையும் ஓடுது. மொத தடவை போறப்ப எனக்கு கை காலெல்லாம் நடுங்குச்சு, ஏன்னா எல்லைக்கோடுன்னு சொன்னா எங்க ஊர்ல பொறந்தவனுக்கு ஞாபகம் வர்றது நேவி படகும் ஜெயிலும்தானே.

ஆனா அங்க நடந்ததை அப்படியே சொல்றேன் கேளுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி குவா ஜெட்டிக்குப் போனோம், துறைமுக ஆபீஸ், கஸ்டம்ஸ், இமிகிரேஷன் எல்லாம் அங்கயே கிட்ட கிட்ட இருக்கு, நடந்தே முடிச்சிரலாம். படகுல யார் யார் போறோம்னு ஒரு பேர் லிஸ்ட், படகோட ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர், பாஸ்போர்ட், இவ்வளவுதான். கடைசில போர்ட் கிளியரன்ஸ்னு, துறைமுகத்தை விட்டுக் கிளம்ப அனுமதி குடுக்குற ஒரு பேப்பர் தருவாங்க, அதுதான் உயிர், அடுத்த நாட்டுல போய் நின்னதும் மொதல்ல கேக்குறது அதைத்தான். முதலாளி தன் படகு பேர்ல ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வச்சிருந்தார், ஊதா மை, நடுவுல படகு படம். ஒவ்வொரு லிஸ்ட்லயும் அதை அழுத்திக் குத்திட்டு ஊதிக் காய வைப்பார். எதுக்கு சார் இதுன்னு கேட்டேன், கப்பலுக்கு முத்திரை இருக்குல்ல, நம்ம படகும் கப்பல்தான், ஆபீசர் கண்ணுக்கு அது தெரியணும்னார். அவர் சொன்னது நெசம்தான், அந்த ஸ்டாம்ப் குத்தின பேப்பருக்கு அங்க ஒரு மரியாதை இருந்துச்சு.

எல்லை தாண்டினதும் வலது பக்க கயித்துல மஞ்சள் கொடி ஏத்தணும். என் படகுல நோய் நொடி இல்ல, உள்ள வர அனுமதி குடுங்கன்னு அர்த்தம். புக்கெட்ல சலோங் ஜெட்டில போய் இறங்கினா அங்க ஒரே கட்டடத்துல மூணு ஆபீசும், பாஸ்போர்ட்டை எடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் நேர்ல போய் நிக்கணும், முத்திரை விழுந்ததும் திரும்பி வந்து மஞ்சள் கொடியை இறக்கிட்டு சின்னதா தாய்லாந்து கொடி ஏத்துவோம். அந்தக் கொடி மேல ஏறுறப்ப நெஞ்சுல ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதை எழுத்துல எழுதத் தெரியல.

இதையெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, அந்த மஞ்சள் கொடி பத்தி முதலாளி விளக்கினப்ப எனக்கு மண்டபம் கேம்ப்தான் ஞாபகம் வந்துச்சு. சிலோன் தோட்டத்துக்கு வேலைக்குப் போன நம்ம சனங்களை அங்கதானே நாள் கணக்குல தங்க வச்சு, நோய் இருக்கான்னு பார்த்து அனுப்பினாங்க. 1914-ல இருந்து 1964 டிசம்பர் புயல் வரைக்கும் தனுஷ்கோடில ரயிலை விட்டு இறங்கி ஸ்டீமர்ல ஏறி தலைமன்னார் போனாங்க, அதுக்கப்புறமும் ராமேஸ்வரத்துல இருந்து 1980-கள் வரைக்கும் கப்பல் ஓடுச்சு. அப்ப ஆளை செக் பண்றது, பேப்பர் பார்க்குறது, முத்திரை குத்துறது எல்லாம் எங்க கரைக்குப் பழகின வேலை. இல்லாத ஒண்ணை நான் புதுசா கேக்கல.

பாயும் எங்களுக்குப் புதுசில்ல. எங்க தாத்தா வல்லம்ங்கற மரப் படகுல பாய் விரிச்சு கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போனவர். ஆஞ்சான் கயித்தை இழுத்து பருமலை, அதான் பாய் கட்டின குறுக்குக் கழியை, மேல ஏத்துறப்ப பாய் படபடன்னு அடிக்கும்டா, பாயோட முனைல இருக்குற தாமான் கயித்தை இறுக்கிக் கட்டினதும் சத்தம் பொக்குன்னு நிக்கும், அப்ப படகு நடக்க ஆரம்பிச்சிரும்னு சொல்வார். வாடைக்காத்துல எப்படி போறது, சோளகம்ங்கற தெக்குக் காத்துல எப்படி திரும்புறது, நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தண்ணி நிறத்தைப் பார்த்தே சொல்லிருவார். அந்தக் கரைல யாழ்ப்பாணப் பக்கம் வல்வெட்டித்துறைல கட்டின அன்னபூரணிங்கற பாய்க்கப்பல் 1938-ல அமெரிக்காவுல குளோஸ்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு, அதுல மாலுமியா போனது வல்வெட்டித்துறை ஆளுங்க. அவ்வளவு தூரம் பாய் விரிச்சுப் போன சனம், தனுஷ்கோடி முனைல இருந்து சுமார் 30 கிலோமீட்டர்ல இருக்குற தலைமன்னாருக்கு இன்னைக்கு பாய் விரிச்சுப் போக முடியல.

1974 ஜூன்ல கச்சத்தீவு ஒப்பந்தம் போட்டாங்கல்ல, அதுல 5-வது பிரிவைத்தான் எல்லாரும் பேசுறாங்க, மீனவரும் யாத்ரீகரும் விசா இல்லாம கச்சத்தீவு போய் வரலாம்ங்கறது. அடுத்து 6-வது பிரிவு ஒண்ணு இருக்கு, ரெண்டு நாட்டு கலங்களும் ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் வழக்கமா அனுபவிச்சு வந்த உரிமையைத் தொடர்ந்து அனுபவிக்கலாம்னு. அதுக்கு சட்டப்படி என்ன அர்த்தம்னு வக்கீலுங்க பேசட்டும். பாய் விரிச்சுப் போயிட்டு வர்றதை விட பழைய வழக்கம் இந்தக் கடல்ல வேற என்ன இருக்குன்னுதான் நான் கேக்குறேன்.

ஊர் வந்ததும் ஒரு பழைய 19 அடி வல்லத்தை வாங்கி நானே பலகை மாத்தி, பாய்மரம் நட்டு சரி பண்ணினேன். அப்புறம் ஒரு ஆபீஸ்ல போய் இந்த மாதிரி முறையா போகணும், என்ன பண்ணணும்னு கேட்டேன். மீன்பிடி படகா, கடலுக்குப் போற அனுமதி டோக்கன் இருக்கான்னாங்க. இல்ல சார் மீன் பிடிக்கிறதில்லன்னேன். அப்ப டூரிஸ்ட் படகான்னாங்க. அதுவும் இல்லன்னேன். அப்படி ஒரு வகையே எங்க பாரத்துல இல்ல, வேற ஆபீஸ் போங்கன்னாங்க. அங்க போனா பெரிய துறைமுகத்துக்குப் போய் கேளுங்க, ஏஜெண்ட் வச்சு பண்ணுங்கன்னாங்க. நாலு மாசம் அலைஞ்சேன். யாரும் கெட்ட வார்த்தை பேசல, விரட்டல, அதையும் சொல்லணும், ஒரு ஆபீசர் டீ கூட வாங்கிக் குடுத்தார். ஆனா யார்கிட்டயும் பதில் இல்ல.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல நீந்துறாங்க, ரெண்டு நாட்டு அனுமதியும் வாங்கி, கூட படகு வச்சு, சின்னப் பசங்க கூட நீந்தியிருக்காங்க. 1966-ல மிஹிர் சென் நீந்தினார், 1971-ல வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் போகவும் வரவும் நீந்தினார். நீந்துறவங்களுக்கு அனுமதி குடுக்க ஒரு வழி இருக்குறப்ப பாய் விரிச்சுப் போறவனுக்கு ஏன் இருக்கக் கூடாது?

கடத்தல் நடக்குது, பாதுகாப்பு இருக்கேன்னு சொல்வாங்க, எனக்குத் தெரியாதா, எங்க கடற்கரைலதானே பீடி இலையும் மஞ்சள் மூட்டையும் பிடிபடுது. ஆனா கடத்துறவன் ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் போறான். நான் பகல்ல, பேர் லிஸ்ட் குடுத்துட்டு, எத்தனை மணிக்குக் கிளம்புறேன் எப்ப போய் சேருவேன்னு எழுதிக் குடுத்துட்டு, இடத்தைக் காட்டுற கருவி மாட்டிக்கிட்டு, ரேடியோல கூப்பிட்டா பதில் சொல்லிட்டுப் போறேங்கறேன். படகை சோதனை போடணுமா, தாராளமா போடட்டும். வருஷம் பூரா கூட வேணாம், தை கடைசில இருந்து பங்குனி வரைக்கும் கடல் அடங்கி இருக்குற நாள்ல வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். நாகப்பட்டினத்துல பயணிகள் கப்பலுக்காக இமிகிரேஷனும் கஸ்டம்ஸும் ஏற்கனவே உக்காந்திருக்கு, மொதல்ல அந்தக் கவுண்டர்லயே சின்னப் படகையும் பார்க்கலாம், அப்புறம் ராமேஸ்வரத்துல ஒண்ணு. அந்தப் பக்கமும் காங்கேசன்துறைல ஆபீசர்ங்க இருக்காங்கதானே.

உங்க நிருபர்கள் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துகிட்டயும், மத்திய அரசுல குடியேற்றம், சுங்கம் பார்க்குறவங்ககிட்டயும் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, என்ன பதில் வருதோ அதை அப்படியே போடுங்க. முடியாதுன்னாலும் பரவால்ல, எந்த சட்டத்துல முடியாதுன்னு தெரிஞ்சுக்குறேன். என் வல்லம் ரெடியா கரைல நிக்குது, புதுப் பாய் தைக்கக் குடுத்திருக்கேன், படகு பேர்ல ரப்பர் ஸ்டாம்ப் கூட செஞ்சுட்டேன். தை மாசம் வாடை தணியுறதுக்குள்ள பதில் வந்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
பாம்பன் வாசகர் ஒருவர்