விலைக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள்

பெரும் இணைய அங்காடிகளின் இயக்குநர் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் பொருள் வாங்குவது சரியா, தவறா என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் சீக்கிரமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. அடியோடு புறக்கணியுங்கள் என்கிறது ஒன்று. மலிவாகவும் விரைவாகவும் வீடு தேடி வருகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறது மற்றது. நான் இரண்டிலும் இல்லை. உங்களிடம் வாங்குகிறேன், இந்த மடலை எழுதி முடித்த பிறகும் வாங்குவேன். வாடிக்கையாளர் என்ற முறையில் எனக்குள்ள குறை ஒன்றுதான். மனசாட்சியோடு வாங்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதில் பெரும்பகுதி உங்கள் கணினிகளில் இருக்கிறது. அதை எங்கள் கண்ணில் காட்டுவதில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் திட்டுபவர்களில் பலர், நினைத்தால் எழுந்து போய் வாங்கிவரக்கூடியவர்கள். படியேற முடியாதவர், படுக்கையில் கிடப்பவரை விட்டு நகர முடியாதவர், கடைகள் அடைத்த பிறகு வேலை முடிந்து திரும்புபவர் ஆகியோரிடம் 'கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன' என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. சில நூறு பேர் மட்டுமே தேடும் ஒரு நூலுக்கும், உற்பத்தி நின்றுபோன இயந்திரத்தின் உதிரிபாகத்துக்கும் எந்தக் கடைக்காரர் அலமாரியில் இடம் கொடுப்பார்? உங்கள் கிடங்கில் அவற்றுக்கும் இடம் இருக்கிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மையும் உண்டு: வாங்குபவரின் முகம் பார்க்காத கடை தரும் மரியாதை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில், கறுப்பின மக்கள் கடைக்குப் போனால் வெள்ளையர்கள் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. கடனுக்கு வாங்கினால் கடைக்காரர் கொடுத்ததுதான் சரக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சியர்ஸ் என்ற தபால்வழி விற்பனை நிறுவனத்தின் விலைப்பட்டியல் புத்தகம் தபாலில் வரத் தொடங்கியதும் நிலைமை சற்று மாறியது. அச்சிட்ட விலைதான் யாருக்கும் விலை, பொருளும் அதேதான். உள்ளூர் வணிகர்கள் அந்தப் புத்தகத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். பக்கத்துக் கடை என்றாலே அன்பும் அறமும்தான் என்று உருகுபவர்கள் இந்த வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நீங்கள் அந்தத் தபால் புத்தகத்தின் வாரிசுகள். பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இனி உங்கள் கிடங்குக்குள் வருகிறேன்.

பிரான்சின் தனியுரிமைக் கண்காணிப்பு ஆணையம் 2023 டிசம்பரில் அமேசானின் பிரெஞ்சுக் கிடங்கு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த முடிவில், தொழிலாளியின் கையிலிருக்கும் ஸ்கேனர் என்னென்ன கணக்கு வைக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஒரு பொருளை ஸ்கேன் செய்த 1.25 நொடிக்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால் அது பிழையாகப் பதிவாகும். அவ்வளவு வேகமாகச் செய்தால் கவனம் போதாது என்று கருதப்படும். பத்து நிமிடம் ஸ்கேனர் சும்மா இருந்தால் அதுவும் பதிவாகும். ஒரு நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் இடைப்பட்ட சிறு நிறுத்தங்களுக்குத் தனிக் கணக்கு. நிறுவனம் இந்த முடிவை ஏற்கவில்லை. பொருள் சரியாகப் போய்ச் சேர இந்த அளவைகள் தேவை என்பது அதன் வாதம். அபராதம் சரியா, அதிகமா என்பது வழக்கறிஞர்கள் பாடு. நான் யோசிப்பது வேறு. குனிந்து, எடுத்து, ஸ்கேன் செய்து, வைத்து நிமிரும் ஒரு மனிதரின் அசைவுகளை நொடியின் கால் பங்குவரை அளந்து வைத்திருக்கிறீர்கள். நான் வாங்கும் பொருளுக்குப் பின்னால் அந்த மனிதர் எந்த வேகத்தில் ஓட வேண்டியிருந்தது என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை. கலிபோர்னியாவில் 2022 முதல், எட்ட வேண்டிய இலக்கு எவ்வளவு என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் தர வேண்டும், சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் போக விடாத இலக்கு கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. இதையெல்லாம் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு வியப்பு. பார்சல் கொண்டுசெல்லும் ஓட்டுநர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்க நேர்வதை முதலில் கேலியாக மறுத்துவிட்டு, 2021 ஏப்ரலில் அமேசான் மன்னிப்புக் கேட்டதையும் உலகம் பார்த்தது.

விற்பவர்கள் நிலைக்கு வருவோம். அமேசானில் விற்கும் பொருள்களின் எண்ணிக்கையில் 60 சதவீதத்துக்கும் மேல் வெளி வணிகர்களுடையவை என்று அந்த நிறுவனமே பெருமையாகச் சொல்கிறது. பெருமைதான். சிறு தயாரிப்பாளர் ஒருவர் கடல் தாண்டி விற்க முடிகிறது. ஆனால் கமிஷன், கிடங்குக் கட்டணம், விளம்பரம் எல்லாம் போக அவருக்கு என்ன மிஞ்சுகிறது? அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 17 மாநிலங்களும் சேர்ந்து 2023 செப்டம்பரில் தொடுத்த வழக்கில், பல விற்பனையாளர்கள் தங்கள் வருவாயில் ஏறக்குறைய பாதியைக் கட்டணமாகவே கொடுக்கிறார்கள் என்று குற்றம் சாட்டியிருக்கிறார்கள். வேறு தளத்தில் விலையைக் குறைத்து விற்பவரைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளிவிடுகிறார்கள் என்பதும் அதே வழக்கில் உள்ள புகார். அமேசான் இவற்றை மறுக்கிறது. இந்தப் புகார் மட்டும் உண்மையானால், 'இங்கேதான் மலிவு' என்ற உங்கள் வாதத்தின் பொருளே மாறிவிடும். மற்ற இடங்களில் விலை குறையாமல் பார்த்துக்கொள்வதால் கிடைத்த மலிவு அது. சந்தைக்கு இடம் கொடுப்பவரே அங்கே கடையும் விரித்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பிய ஆணையம் ஏற்கெனவே விசாரித்தது. மற்ற விற்பனையாளர்களின் வெளியில் தெரியாத தரவுகளைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2022 டிசம்பரில் அமேசான் அதனிடம் உறுதி கொடுத்தது.

பொருள் பழுதாக இருந்தால் பொறுப்பு யாருடையது என்பது இன்னொரு தலைவலி. நாங்கள் வெறும் மேடை என்பது உங்கள் பழைய பதில். தன் கிடங்கில் வைத்து, தன் பெட்டியில் கட்டி அனுப்பியவற்றுக்கு அமேசான் விநியோகஸ்தர்தான் என்று 2024 ஜூலையில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தீர்ப்பளித்தது. கார்பன் மோனாக்சைடு வாயு வந்தும் ஒலிக்காத எச்சரிக்கைக் கருவிகளும், எளிதில் தீப்பிடிக்கும் குழந்தைகளின் இரவு உடைகளும் அந்த வழக்கில் இருந்தன.

திருப்பி அனுப்புவது இலவசம் என்ற சலுகையைப் பார்த்தால்தான் எனக்குப் பதற்றம் அதிகம். திரும்பி வந்த பெட்டியை ஒருவர் பிரிக்க வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டும், கசங்கிய உறையை மாற்ற வேண்டும், மறுபடி அலமாரியில் ஏற்ற வேண்டும். மலிவான பொருளாக இருந்தால் இந்த உழைப்பின் கூலி பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே மொத்தமாக அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது லாபம், சில நேரம் அழித்துவிடுவது அதைவிட லாபம். 2021இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் கிடங்கில், அழிப்பதற்கென்று பெட்டி பெட்டியாக ஒதுக்கப்பட்டிருந்த பொருள்களைப் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி படம்பிடித்துக் காட்டியது. பயன்படுத்தாதவையும் அவற்றில் இருந்தன. விற்காத பொருள்களை அழிக்கக் கூடாது என்று பிரான்ஸ் 2020இலேயே சட்டம் இயற்றியது. இரண்டு அளவில் சட்டை வரவழைத்து, பொருந்தாததைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளருக்கு இதில் ஏதாவது தெரியுமா? அவர் பார்ப்பது 'பணம் திரும்பக் கிடைக்கும்' என்ற வரியை மட்டும்தான்.

இதையெல்லாம் திரையில் காட்டுவது கடினம் என்று நீங்கள் சொன்னால் நம்ப மாட்டேன். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1999இல் காப்புரிமை பெற்று, 2017இல் அது காலாவதியாகும்வரை காத்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். ஒரு தடையை எப்படி அகற்றுவது என்று உங்களுக்குத் தெரியும். எப்படி வைப்பது என்பதும் தெரியும். அமேசானின் 'பிரைம்' என்ற கட்டணச் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே நெடிய கிரேக்கப் போர்க்காவியம் ஒன்றின் பெயரை வைத்திருந்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த இன்னொரு வழக்கின் மனு சொல்கிறது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. அந்த வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

புறக்கணிப்பு பேசும் நண்பர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு சொல். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2023இல் அமேசானின் செயல்பாட்டு லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிற நிறுவனங்களுக்கு இணையம் வழியே கணினி வசதியை வாடகைக்கு விடும் கிளவுட் சேவையிலிருந்து வந்தது. பார்சல் வாங்குவதை நிறுத்தச் சொல்லும் அறைகூவலே அந்த நிறுவனத்தின் சர்வரில் இருந்தபடி உலகைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். தனி ஒருவர் விலகி நிற்பதை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு வசதியும் நேரமும் உள்ளவர்களின் கையில் மட்டும் அறத்தை ஒப்படைத்துவிட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இயக்குநர்களே, கேட்பது இதுதான். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் விலைக்குக் கீழே மூன்று வரிகள் சேருங்கள். இந்தப் பொருள் கிளம்பும் கிடங்கில் மணிக்கு எத்தனை பொருள் இலக்கு, கடந்த ஆண்டு எத்தனை பேருக்குக் காயம். நான் கொடுக்கும் தொகையில் விற்பவர் கைக்குப் போவது எவ்வளவு, உங்களிடம் நிற்பது எவ்வளவு. இந்த வகைப் பொருள் திரும்பி வந்தால் மறுபடி விற்பனைக்குப் போவது எத்தனை சதவீதம், அழிக்கப்படுவது எத்தனை சதவீதம். முன்பின் தெரியாதவர்கள் போட்ட நட்சத்திரங்களின் சராசரியைத் தசமப் புள்ளியோடு காட்டுகிறீர்கள். அந்த நட்சத்திரங்களில் காசு கொடுத்து வாங்கியவையும் கலந்திருக்கின்றன என்பதால் போலி மதிப்புரைகளுக்கு எதிராக அமெரிக்காவில் 2024இல் தனி விதியே வந்தது. நான் கேட்கும் மூன்றும் அவற்றைவிட நம்பகமானவை, ஏனெனில் கணக்கு உங்களுடையது.

யாரும் படிக்க மாட்டார்கள், விலையை மட்டும்தான் பார்ப்பார்கள் என்பீர்கள். இருக்கலாம். ஐரோப்பாவில் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு 1990களில் மின்சிக்கன முத்திரை கட்டாயமானது. தயாரிப்பாளர்கள் பொருளை மேம்படுத்திக்கொண்டே போனதில், உச்சத் தரமான 'ஏ'-வுக்கு மேல் கூட்டல் குறிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் 2021இல் அளவுகோலையே திருத்தி எழுதினார்கள். கடைக்கு வந்த ஒவ்வொருவரும் முத்திரையை உற்றுப் படித்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் போட்டியாளரின் பெட்டியில் என்ன எழுத்து இருக்கிறது என்று தயாரிப்பாளர்கள் பார்த்தார்கள், அது போதுமானதாக இருந்தது.

மூன்று வரிகளுக்கு உங்கள் சட்டத்துறையின் ஒப்புதல் வேண்டும், பங்குதாரர்கள் முணுமுணுப்பார்கள், மாதங்கள் ஆகும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 'அவசரமில்லை, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்புங்கள்' என்ற தெரிவு உங்களில் பலரிடம் ஏற்கெனவே உண்டு. ஒரு வண்டி தெரு முழுவதற்கும் சேர்த்துப் பொருள் கொண்டுவந்தால், ஆளுக்கொரு காரில் கடைக்குப் போவதைவிடப் புகை குறையும். அரை வண்டி காலியாக, சொன்ன நேரத்துக்காக ஓடினால் அந்த லாபம் போய்விடும். கிடங்கில் அந்த ஸ்கேனரை விரட்டுவதும் இதே அவசரம்தான். பணம் செலுத்தும் பக்கத்தில் பெரும்பாலும் அதிவேக டெலிவரியை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்தத் தேர்வுப் புள்ளியை எடுத்து அவசரமில்லாத வரியில் வையுங்கள். மருந்தோ குழந்தை உணவோ தேவைப்படுபவர் ஒரு தட்டு தட்டி மாற்றிக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்