சிமென்ட் வைத்தால் சரியாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நசுங்கிய முதுகெலும்புக்குள் ஊசி வழியே, எலும்பை இறுக்கிப் பிடிக்கும் மருத்துவ சிமென்ட்டைச் செலுத்தும் சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் பாதிக் கதை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்த என் அம்மா (வயது 74) அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாயுப் பிடிப்பு என்று பத்து நாள் தைலம் தேய்த்த பிறகுதான் எக்ஸ்ரேயில் எலும்பு நசுங்கியிருப்பது தெரிந்தது. போன மருத்துவமனையில், "நாளைக்கே சிமென்ட் வைத்துவிடலாம், சாயங்காலமே நடக்கலாம்" என்றார்கள்.

1984இல் பிரான்சில் தொடங்கிய இந்த முறை சிலருக்குக் கைகொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமென்ட் வைத்தவர்களுக்கும் வைப்பதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைந்தது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அட, எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனைக்கூட நாங்கள்தான் கேட்டு எடுத்தோம்! எலும்பு வலுவிழந்தே கிடந்தால் ஒன்றை அடைத்து என்ன பயன், அடுத்தது நசுங்காதா?

சிமென்ட் வைக்காமலே, வலி மாத்திரை, இடுப்புப் பட்டையோடு அம்மா ஆறு வாரத்தில் வாசல்வரை நடந்துவிட்டார். அப்புறம்தான் எலும்புக்கான மருந்தே தொடங்கினோம். அதைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள்.

வாசகர், கும்பகோணம்