சாட்ஸ்வர்த் இரட்டை வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைச் சோடியாக மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்: இரட்டை வீட்டுக் குடியிருப்போர், சாட்ஸ்வர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா.

பெறுநர்: வீட்டுவசதித் துறைத் தலைவர் அவர்கள், டர்பன்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நிறவெறி ஆட்சி 1950இல் கொண்டுவந்த, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனர் முதலான இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960களில் கட்டப்பட்டது சாட்ஸ்வர்த். குறைந்த செலவில் நிறைய வீடு என்பதே அன்றைய கணக்கு. இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரே சுவர், மேலே ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்ற அமைப்பு அப்படித்தான் வந்தது. ஆஸ்பெஸ்டாஸுக்கு 2008இல் தடை வந்தும், ஏற்கெனவே கூரையில் ஏறியது இறங்கவில்லை.

உடையாத ஷீட்டால் ஆபத்து குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது அறுபது வருட மழையில் மேல் சிமென்ட் அரித்து ஆஸ்பெஸ்டாஸ் நார் வெளியே வந்துவிடுகிறது. பாசி போகச் சுரண்டினாலும், விசைப் பம்பால் கழுவினாலும், டிஷ் ஆன்டெனாவுக்குத் துளை போட்டாலும் அந்த நார் காற்றில் கலக்கும். அதை மூச்சில் இழுப்பதால் வரும் புற்றுநோய் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தெரியும். இன்று நோயாளி இல்லை என்பது சான்றாகாது.

எங்கள் முக்கியக் கோரிக்கை: சொந்த வீடு, வாடகை வீடு என்று பிரித்து ஒரு பாதியை மட்டும் மாற்ற வேண்டாம். முகட்டு ஷீட் இரண்டு பாதிக்கும் பொது. ஒரு பக்கம் கழற்றினால் மறுபக்கம் விரிசல் விடும். புதிய தகரத்தின் அலை பழைய ஷீட்டின் அலையோடு பொருந்தாது. இணைப்பில் ஒழுகி மரச்சட்டம் உளுத்துப்போகும். அதை அடைக்க வருபவர் பழைய பாதியில்தான் துளை போடுவார்.

கழற்றும் வேலையைப் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரருக்கே தர வேண்டும். ஷீட்டை மெல்லிய தூவலில் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் கையால் இறக்கி, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்று கட்ட வேண்டும். கூரையோர மழைநீர்க் கால்வாயில் படிந்த சேற்றிலும் நார் உண்டு. அதை ஈரமாகவே அள்ள வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

மாற்றாக கான்கிரீட் ஓடு வேண்டாம். அது ஷீட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். பழைய மரச்சட்டம் தாங்காது. துத்தநாக-அலுமினியப் பூச்சுத் தகடு கடற்காற்றுக்கு ஏற்றது. ஆனால் இலேசானது என்பதால், மரச்சட்டத்தைப் பட்டை இரும்பால் சுவரோடு இழுத்துக் கட்டாவிட்டால் புயலில் பறந்துவிடும். வெப்பத்தடுப்பு விரிப்பும் கீழே தேவை.

எந்தத் தெரு எப்போது என்ற வரிசையை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இரட்டை வீட்டுக் குடியிருப்போர், சாட்ஸ்வர்த்